ஜப்பானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் அவற்றைக் காப்பவர்களும்

பழம்பொருளைப் பேணுதல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோயில்கள், செப்பேடுகள், ஓலைச் சுவடிகள் முதலியனவே. இவற்றைக் காப்பதற்கென்று துறைகளும் சட்டங்களும் அறிஞர்களும் உண்டு. ஆனால், தொழிற்சாலையில் வரிசையாக நிறுத்திப் பூட்டி, விலை குறித்து விற்கப்பட்ட ஓர் இயந்திரத்தையும் அவ்வாறே பேண வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ‘அதற்கு என்ன அவசியம்?’ என்ற கேள்வி எழுவது இயல்பே. இயந்திரம் உழைக்கும் வரையில் வைத்துக்கொள்ளத் தக்கது, தேய்ந்தபின் தள்ளத் தக்கது என்பதே உலகத்தார் பொதுவாகக் கொண்டிருக்கும் கருத்து. இந்தக் கருத்துக்கு மாறாக நடந்துகொண்டவர்கள் சிலரைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம். 1960-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களை, அவை துருப்பிடித்துக் கொல்லைப்புறங்களில் கிடந்த காலத்தில் எடுத்துச் செப்பனிட்டு, மீண்டும் சாலையில் ஓடச் செய்தவர்கள் இவர்கள். பெரும்பாலும் கூலிக்காக அன்றி, ஓய்வு நேரப் பொழுதுபோக்காகவே இவ்வேலையைச் செய்தார்கள். இவர்களுடைய வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. செய்தவர்கள் மறக்கத் தொடங்கியதை வாங்கியவர்கள் நினைவில் வைத்தார்கள். செய்தவர்கள் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பி வந்தது அதற்குப் பின்னர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானில் கார்த் தொழில் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. நாட்டிற்குத் தேவைப்பட்டவை லாரிகளே. பயணக் கார் செய்வதற்கு நேசநாட்டுப் படையினர் விதித்திருந்த கட்டுப்பாடு 1949-இல்தான் முற்றும் நீங்கியது. அதன்பின் நிஸ்ஸான் கம்பெனி இங்கிலாந்தின் ஆஸ்டின் காரையும், இசுசு கம்பெனி ஹில்மன் காரையும், ஹினோ கம்பெனி பிரான்சின் ரெனோ காரையும் உரிமம் பெற்றுப் பூட்டக் கற்றுக்கொண்டன. 1954-இல் தோக்கியோவின் ஹிபியா பூங்காவில் முதல் மோட்டார் கண்காட்சி நடந்தது. அங்கு வைக்கப்பட்டிருந்த 267 வண்டிகளுள் பயணக் கார்கள் பதினேழு மட்டுமே. அந்நிலையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு இடம் ஏது? குடும்பத்தை ஏற்றிச் செல்லவும் சுமை சுமக்கவும் உதவாமல், இருவர் அமர்ந்து விரைவாகவும் லாகவமாகவும் செல்வதற்கென்றே அமைந்த வண்டி அது. வறிய நாட்டுக்கு அது வீண் ஆடம்பரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் பதினைந்தே ஆண்டுகளுக்குள் உலகம் திரும்பிப் பார்க்கத்தக்க ஸ்போர்ட்ஸ் கார்களை அந்நாடு செய்துவிட்டது.

இவற்றுள் ஹோண்டாவின் கார்கள் பிறந்த கதை சுவையானது. மோட்டார் சைக்கிள் செய்து பேர் பெற்றிருந்த ஸோய்ச்சிரோ ஹோண்டா, கார் செய்யவும் விரும்பினார். 1961-இல் வர்த்தக, தொழில் இலாகா ஒரு திட்டத்தை வகுத்தது. கார்க் கம்பெனிகளைச் சில குழுக்களாக அடக்கி, புதியவர்கள் அத்தொழிலில் புகாதபடி செய்வது அதன் நோக்கம். ஹோண்டா இதை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்கான சட்டம் நிறைவேறுவதற்கு முன்னரே தாம் கார் உற்பத்தியாளராக ஆகிவிட வேண்டும் என்று அவசரமாக முயன்று, 1963 ஆகஸ்டில் ஒரு சிறு லாரியையும், அக்டோபரில் எஸ் 500 என்னும் ஸ்போர்ட்ஸ் காரையும் வெளியிட்டார். அந்த மசோதா கடைசி வரையில் சட்டமாகவே இல்லை. காருக்குச் சிவப்பு வர்ணம் பூசுவதற்குக்கூட அவர் போராட வேண்டியிருந்தது. சிவப்பு, தீயணைப்பு வண்டிக்கு உரிய வர்ணம் என்று போக்குவரத்து இலாகா கருதியதே காரணம். 1964-இல் வந்த எஸ் 600 காரின் எஞ்சின் 606 கன சென்டிமீட்டர் அளவே உடையது. எனினும் நிமிஷத்துக்கு 8,500 சுற்றுச் சுழன்று 57 குதிரை சக்தி தந்தது. நான்கு சிலிண்டருக்கு நான்கு கார்புரேட்டர்களும், பின் சக்கரங்களைச் சுழற்ற மோட்டார் சைக்கிளைப் போல் சங்கிலிகளும் அதில் இருந்தன. கடிகாரம் செய்பவனின் நுண்மை அந்த எஞ்சினில் உண்டு.

ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ கம்பெனி வேறொரு வழியில் சென்றது. பின்னாளில் மாஸ்டா என்று பெயர் கொண்ட கம்பெனி இதுவே. மேலும் கீழும் சென்றுவரும் பிஸ்டனுக்குப் பதிலாக, முக்கோண வடிவான சுழலி ஒன்று அறைக்குள் சுற்றிவரும் எஞ்சினை ஜெர்மனியில் வாங்கெல் என்பவர் கண்டிருந்தார். அதன் உரிமத்தை 1961-இல் என்.எஸ்.யூ. கம்பெனியிடமிருந்து ஹிரோஷிமாக்காரர்கள் பெற்றார்கள். செய்து பார்த்தபோது பெருந்தொல்லை ஒன்று தெரிந்தது. சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் தகடுகள் அதிர்ந்து, அறையின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல்களை உண்டாக்கின. பொறியாளர்கள் இவற்றைச் ‘சாத்தானின் நகக் கீறல்’ என்று அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் நாற்பத்தேழு பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதனுடன் போராடினார்கள். கரியுடன் அலுமினியம் சேர்த்துச் செய்த அடைப்புத் தகடு முடிவில் வெற்றி தந்தது. 1967 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 1972 வரையில் செய்யப்பட்டவை 1,176 மட்டுமே.

அதே 1967-இல் டொயோட்டா கம்பெனியும் யமஹா கம்பெனியும் சேர்ந்து 2000 ஜி.டி. என்னும் காரை வெளியிட்டன. முந்திய ஆண்டு அக்டோபரில் யதாபே சோதனைப் பாதையில் இந்தக் கார் மூன்று நாட்களுக்கு மேல் இடைவிடாமல் ஓடி, மூன்று உலகச் சாதனைகளையும் பதின்மூன்று சர்வதேசச் சாதனைகளையும் நிறுவியிருந்தது. பெரும்பாலும் கைவேலையால் ஆகிய இக்கார் 1970-உடன் நின்றுவிட்டது. செய்யப்பட்டவை நானூற்றைக்கூட எட்டவில்லை. இவையெல்லாம் பெருமைக்காகச் செய்தவை. மக்கள் வாங்கத்தக்க விலையில் வந்தது நிஸ்ஸானின் ஃபேர்லேடி இசட் ஆகும். 1969-இல் ஜப்பானில் அறிமுகமாகிய இது, அமெரிக்காவில் டாட்சன் 240 இசட் என்ற பெயரில் சுமார் 3,500 டாலருக்கு விற்றது. ஆறு சிலிண்டர் எஞ்சின், தனித்தனியாக அசையும் நான்கு சக்கரங்கள், அழகிய நீண்ட மூக்கு ஆகியவை அந்த விலைக்கு அதுவரையில் கிடைத்ததில்லை. அதற்குப் பின்னின்று உழைத்தவர் அமெரிக்காவில் அக்கம்பெனியின் தலைவராயிருந்த யுட்டாகா கட்டயாமா. அந்த முதல் வரிசைக் கார்கள் 1978 வரையில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றன.

இந்தக் காருடன் நம் நாட்டு வம்சாவழியினர் ஒருவருக்கும் தொடர்பு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் நடக்கும் சஃபாரி பந்தயம், சேற்றிலும் புழுதியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டிய கடும் சோதனையாகும். அதில் 1971-இல் ஒரு 240 இசட் முதலாவதாக வந்தது. 1973-இல் அதே வகைக் காரை ஓட்டி வென்றவர் ஷேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த அந்த இந்திய வம்சாவழியினர், பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை அதே பந்தயத்தில் வென்று புகழ் பெற்றார்.

இத்துணைச் சிறப்புடன் தோன்றிய கார்களுக்கு அடுத்த இருபது ஆண்டுகளில் நேர்ந்த கதி இரங்கத்தக்கது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதையடுத்துப் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் கடுமையாயின. பெட்ரோல் குடிக்கும் பழைய வண்டியை விற்றுத் தொலைப்பதே விவேகம் என்று மக்கள் கருதினார்கள். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மாதிரியைக் கொண்டுவருவது ஜப்பானியக் கார்த் தொழிலின் வழக்கம். பழைய மாதிரிக்கு உதிரிப்பாகம் செய்வது சில ஆண்டுகளுக்குப்பின் லாபமற்றதாயிற்று. அரசாங்கத்தின் சட்டமும் பழமைக்குச் சாதகமாக இல்லை. கார்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்று பெற வேண்டும். பத்தாண்டு கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்கு வர வேண்டும் என்ற விதி 1995 வரையில் இருந்தது. பிற்பாடு அது இரண்டு ஆண்டாகத் தளர்த்தப்பட்டது. ஆனால் 2002 முதல், பதிவாகிப் பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வரி உயர்த்தப்பட்டது. புகையைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் சரித்திரச் சிறப்புடைய காருக்கும், வெறும் பழைய காருக்கும் அந்த விதி வேற்றுமை காணவில்லை. தன் நாட்டின் சாதனையைக் காத்து வைத்திருப்பவன் அதற்காகக் கூடுதல் வரி கட்ட வேண்டியவன் ஆனான்.

சட்டத்தைவிடக் கொடிய பகை துரு. அக்காலத்துக் காரின் இரும்புத் தகடு மெல்லியது. துருவைத் தடுக்கும் முறைகளும் அப்போது முழுமை பெறவில்லை. அமெரிக்காவின் வடபகுதிகளில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீர் அடியில் புகுந்து, சில ஆண்டுகளில் தரைத் தகட்டை அரித்துவிடும். 240 இசட் காரில் பாட்டரி வைக்கும் தட்டு, காலடித் தரை, முன் கண்ணாடியின் கீழுள்ள நீர்வடி, பின் சக்கரத்தின் அருகிலுள்ள மடிப்பு ஆகியவை முதலில் அழியும் இடங்கள். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினோ எளிதில் கெடாத உறுதி உடையது. எனவே, உடல் அழிந்தும் உயிர் போகாத விந்தையை இந்தக் கார்களில் காணலாம்.

செப்பனிடுவோரின் வேலை இங்கே தொடங்குகிறது. முதலில் காரை முழுவதும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஆணியையும் எங்கிருந்து கழற்றியது என்று எழுதிச் சிறு டப்பாக்களில் போட்டு வைப்பார்கள். பிரிப்பதற்கு ஒரு வாரம் போதும், பூட்டுவதற்கு ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் நினைவு தப்பிவிடும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. பிறகு பழைய வர்ணத்தைச் சுரண்டினால், முந்திய சொந்தக்காரர்கள் துருவை மறைக்க அப்பிய பட்டி கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழும். அதன் கீழே நல்ல தகடு தெரியும் வரையில் வெட்டி எடுத்து, அதே வளைவுடன் புதுத் தகடு தட்டிப் பற்றவைக்க வேண்டும். இது டிங்கர் வேலையிலேயே கடினமான பகுதி. சூடு சற்று மிகுந்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். சூடு குறைந்தால் பற்றாது.

எஞ்சின் வேலைக்கு வேறு திறமை வேண்டும். 240 இசட் காரில் இரண்டு கார்புரேட்டர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் சீராக ஓடும். இதை அறியக் கருவிகள் இருப்பினும், தேர்ந்தவர்கள் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீற்றமும் ஒத்திருக்கிறதா என்று கேட்டுத் திருகாணியைத் திருத்துவார்கள். 1973-இல் புகை விதிக்காக மாற்றியமைத்த கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, முந்திய ஆண்டுகளின் கார்புரேட்டர்களைத் தேடிப் பொருத்துவோரும் பலர். ஹோண்டாவின் சிறு எஞ்சினிலோ கிராங்க் ஷாஃப்ட் ஊசி போன்ற உருளைகள் அடங்கிய பேரிங்குகளின் மேல் சுழல்கிறது. அதைப் பிரித்துச் சேர்ப்பது சாதாரணப் பட்டறையால் ஆகிற காரியம் அன்று. காஸ்மோ காரை வைத்திருப்பவர்களுக்கு அடைப்புத் தகடுகளே கவலை. ஒரு காலத்தில் நாற்பத்தேழு பொறியாளர்களை வருத்திய அதே முனைகளைத்தான் இன்று தனி மனிதன் ஒருவன் தன் பட்டறையில் அமர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறான்.

உலோகத்தைவிடக் கிடைப்பதற்கு அரியது ரப்பர். கதவுக்கும் கண்ணாடிக்கும் இடையே மழைநீரைத் தடுக்கும் பட்டை, சக்கரத்தைத் தாங்கும் கைகளில் செருகிய புஷ், பெட்ரோல் செல்லும் குழாய் ஆகியவை காலத்தால் இறுகி வெடித்துவிடும். வெயில் பட்டால் முன்பலகையும் பிளந்துபோகும். இரும்பை எவரும் வார்த்துக்கொள்ளலாம். ரப்பர்ப் பட்டைக்கு அச்சு வேண்டும், அச்சு செய்வதற்குப் பலர் சேர்ந்து பணம் போட வேண்டும். இதனாலேயே இத்தகைய கார்ச் சொந்தக்காரர்கள் சங்கங்களாகக் கூடினார்கள். ஒருவரிடம் இருந்த பழைய கைந்நூல் படியெடுக்கப்பட்டுப் பலரிடம் சென்றது. ஒருவர் கண்ட பரிகாரம் எல்லோருடைய சொத்தாயிற்று. அமெரிக்காவின் லாங் பீச் நகரில் 2005-இல் ஜப்பானியப் பழைய கார்களுக்கென்றே தனிக் கண்காட்சி தொடங்கியபோது, இந்த உழைப்பு ஊரறிய வெளிப்பட்டது. ஐரோப்பியக் கார்களுக்கு மட்டுமே ‘பழம்பெருமை’ உண்டு என்று எண்ணியவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

செப்பனிட்டு முடித்துவிட்டால் வேலை தீர்ந்துவிடுவதில்லை. பேணுதல் என்பது ஓட்டுதலையும் சேர்ந்ததே. நிறுத்தியே வைத்த காரில் பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே துருவை உண்டாக்கும். இன்று பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கிறது. ஆதலால் அவற்றைப் புதிய வகைக் குழாய்களாக மாற்ற வேண்டியிருக்கிறது. மாதம் இருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரையில் ஓட்டுவது, எண்ணெயை நாட்கணக்குப் பார்த்து மாற்றுவது, மழைக்குப்பின் நீர்வடிகளைத் துடைப்பது ஆகிய சிறு கடமைகளே பெரிய செலவைத் தடுப்பன. வீணையை வாசிக்காமல் உறையிட்டு வைத்தால் அது வீணையாக இருக்குமா? காரும் அத்தகையதே.

கம்பெனிகள் மெல்ல விழித்துக்கொண்ட வரலாறும் குறிப்பிடத்தக்கது. ஹோண்டா தனது என்.எஸ்.எக்ஸ். கார்களைச் சொந்தக்காரரிடமிருந்து பெற்று, புதுக்கித் திருப்பித் தரும் திட்டத்தை 1993-இல் தொடங்கியது. 1997-இல் நிஸ்ஸானின் அமெரிக்கக் கிளை, பழைய 240 இசட் கார்களைத் தானே வாங்கிச் செப்பனிட்டு விற்க முற்பட்டது. இருநூறு கார்கள் என்ற இலக்கை எட்டுமுன்பே அந்த முயற்சி நின்றுவிட்டது. ஒரு காரைச் சரியாகச் செப்பனிட ஆகும் உழைப்பை வியாபாரக் கணக்கில் அடக்குவது எளிதன்று என்பதற்கு இது சான்று. 2006-இல் ஜப்பானில் நிஸ்ஸான் ஊழியர்களே ஒரு சங்கம் அமைத்து, கம்பெனியின் பழைய கார்களை ஓடும் நிலைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1989-இல் வெளிவந்த ரோட்ஸ்டர் காரைப் புதுப்பித்துத் தரும் ஏற்பாட்டை மாஸ்டா 2017-இல் அறிவித்தது. அதற்கென அக்காலத்து டயரையே பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி மறுபடி செய்தது. 2020-இல் டொயோட்டா, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உற்பத்தி நின்ற 2000 ஜி.டி. காருக்குக் கியர் பெட்டியின் பாகங்களை மீண்டும் செய்து விற்க முன்வந்தது. பழைய அச்சும் வரைபடமும் போதாதபோது, கார் வைத்திருப்பவர்களிடம் எஞ்சியிருந்த அறிவே இத்தகைய முயற்சிகளுக்கு உதவக்கூடியது.

இதனுடன் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. 2000 ஜி.டி. கார் ஒன்று 2013-இல் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. 2022-இல் மற்றொன்று இருபத்தைந்து லட்சம் டாலரைக் கடந்தது. இருபத்தைந்து வயது நிறைந்த அந்நியக் காரை அமெரிக்காவில் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்ற விதியினால், 1989-ஆம் ஆண்டின் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். கார்கள் 2014 முதல் ஜப்பானை விட்டுச் செல்லலாயின. விலை ஏறியதால் அழியவிருந்த கார்கள் பிழைத்தன என்பது உண்மை. விலை ஏறியதால், கையில் எண்ணெய்க் கறையுடன் அவற்றைப் பிழைக்க வைத்த எளியவன் அவற்றை வைத்திருக்க இயலாமற் போனான் என்பதும் உண்மையே. குளிரூட்டிய கிடங்கில் பூட்டப்பட்ட கார் துருப்பிடிக்காது. ஆனால் அதன் சீற்றத்தைக் காதால் கேட்டுத் திருகாணி திருப்பும் வித்தை துருப்பிடித்துவிடும்.

பாதித் தகடும், எல்லா ரப்பரும், வர்ணமும் மாறிய பின் அது பழைய கார்தானா என்று கேட்பவர்கள் உண்டு. பந்தயத்தில் பட்ட அடியின் தழும்பை நிமிர்த்துவது முறையா, விட்டுவைப்பது முறையா என்ற வாதமும் உண்டு. இதற்குச் சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்தினால் போதும் என்பார் சிலர். இயன்றவரை பழைய உலோகத்தையே காக்க வேண்டும் என்பார் வேறு சிலர். ஜப்பானியரின் ஈஸே ஆலயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புது மரத்தால் திரும்பக் கட்டப்படுகிறது. 2013-இல் நடந்தது அறுபத்திரண்டாம் முறை. அங்கே மரம் பழையதன்று, தச்சனின் கைமுறை பழையது. அந்த நாட்டுக் கார்களைப் பேணுவோருக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. பழைய இரும்பைக் காப்பது பாதி வேலை. அதை எப்படிச் செய்தார்கள் என்ற அறிவை அடுத்தவன் கைக்கு மாற்றுவது மற்றப் பாதி.

நம் நாட்டில் 2021-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைத் தனி வகையாகப் பதிவு செய்ய இடம் தந்திருக்கின்றன. பழைய இயந்திரமும் நாட்டின் வரலாற்றுச் செல்வத்தில் அடங்கும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு தொடக்கம். எனினும், பதிவுச் சீட்டு ஒரு காரை ஓட வைக்காது. பட்டறையில் ஒரு முதியவர் இளைஞன் ஒருவனை அருகில் அழைத்து, ரப்பர்க் குழாயை அவன் காதில் வைத்து, ‘இப்பொழுது கேள்’ என்று சொல்லும் வரையில்தான் அந்தக் கார்களுக்கு ஆயுள். ஜப்பானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் காத்தவர்கள் இவ்வாறு சொல்லியும் கேட்டும் வந்தவர்களே.